விசாகப்பட்டினக் கடற்கரையில்



நேரிற் காணாத ஒரு நகரைத் திரைப்படத்தின் வாயிலாகவே நெஞ்சிற் குடியேற்றிக்கொள்வோர் நம்மிற் பலர். எனக்கு அத்தகைய நகர் ஆந்திரக் கரையிலுள்ள விசாகப்பட்டினம். 1980களில் எங்கள் ஊரில் தொலைக்காட்சிப் பெட்டியையும் வீடியோக் கருவியையும் வாடகைக்கு எடுத்து, முற்றத்திற் பாய் விரித்து, விடிய விடியப் படம் பார்ப்பது வழக்கம். அப்படியோர் இரவிலேதான் ‘மரோ சரித்ரா’ என்னும் தெலுங்குப் படத்தைக் கண்டேன்.

கே. பாலச்சந்தர் இயக்கி 1978இல் வெளிவந்த படம் அது. வண்ணப் படங்கள் மலிந்துவிட்ட காலத்திலும் கறுப்பு வெள்ளையிலேயே எடுக்கப்பட்டது. தமிழ் இளைஞனாகக் கமல்ஹாசனும், தெலுங்குப் பெண்ணாகச் சரிதாவும் நடித்தனர். சரிதாவுக்கு அதுவே முதற்படம். அயல் வீட்டார் இருவர். ஒருவர் மொழி மற்றவருக்கு ஆகாது. பிள்ளைகளோ காதலிக்கின்றனர். ஓராண்டு காலம் ஒருவரையொருவர் காணாமலும் கடிதம் எழுதாமலும் பிரிந்திருக்க வேண்டும் என்று பெற்றோர் நிபந்தனை விதிக்கின்றனர். தெலுங்கிலேயே ஓடிய அப்படம் சென்னையில் ஒரே அரங்கில் 500 நாட்களைக் கடந்தது என்றால், மொழி அதற்குத் தடையாகவில்லை என்பது தெளிவு.

அண்மையில், பாடசாலை விடுமுறைக் காலத்தில், அந்நகரைக் காணும் வாய்ப்புக் கிட்டியது. சென்னையிலிருந்து வடக்கே ஏறத்தாழ 800 கிலோமீட்டர். ஓர் இரவுப் புகையிரதப் பயணம். விடிந்ததும் நான் தேடியது காதலர் ஓடித் திரிந்த வெறுங் கடற்கரையை. கண்டதோ ஒரு மாநகரத்தை. 1933இல் திறக்கப்பட்ட துறைமுகத்துக்கு அரணாக டொல்பின் மூக்கு எனப்படும் குன்று கடலுக்குள் நீண்டிருக்கின்றது. கடற்கரை வீதியிலே, பணி முடித்த ‘குர்சுரா’ என்னும் நீர்மூழ்கிக் கப்பலைக் கரையேற்றி அருங்காட்சியகமாக்கியிருக்கின்றனர். மாடி விடுதிகளுக்கு இடையே என் பழைய படத்தை எங்கே தேடுவது?

படத்தின் பல காட்சிகள் எடுக்கப்பட்ட பீமுனிப்பட்டினத்துக்குப் பேருந்து ஏறினேன். கடலை ஒட்டியே செல்லும் பாதை. இடையிலே செம்மணல் மேடுகள். கோஸ்தனி ஆறு கடலிற் கலக்கும் அச்சிற்றூர், 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் பண்டசாலை அமைத்த இடம். 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றிய அதே ஒல்லாந்தர்தாம்! அவர்களுடைய பழைய கல்லறைகளைக் கண்டபோது, அயலூரிலன்றி உறவூரில் நிற்பதாகவே தோன்றிற்று.

கரையிலே ஒரு முதியவள் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. எனக்குத் தெலுங்கு தெரியாது. மீனைக் காட்டி, “உப்பு” என்றாள். நானும் “உப்பு” என்றேன். இருவரும் சிரித்தோம். இரு மொழிக்கும் பொதுவான அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. அக்கதையிலே வரும் பெற்றோர் அத்தகைய ஒரு சொல்லையேனும் தேடியிருந்தால், அப்பிள்ளைகள் அந்தக் கடலோரத்தில் மடிந்திருக்க மாட்டார்கள் அல்லவா?

நேயர்களே, இங்கே ஒன்றை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், நான் வகுப்பாசிரியராக இருந்த காலத்தில், மாணவி ஒருத்தியின் கொப்பியினுள் ஒரு கடிதம் அகப்பட்டது. அவளை அழைத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே தந்தையாரை வரவழைத்து அவர் கையிற் கொடுத்தேன். கடமையைச் செய்தேன் என்றே எண்ணினேன். மறுநாள் தொட்டு அவள் பாடசாலைக்கு வரவில்லை. வகுப்பில் முதலாவதாக வந்த பிள்ளை. பரீட்சைக்கு ஆறு மாதமே இருந்தது. முற்றத்திலே அந்தப் படத்தைப் பார்த்துக் கண்ணீர் விட்ட அதே நான்தான் இதைச் செய்தேன். திரையிலே காதலுக்கு இரங்குவது எளிது. நம் கண்முன் நிற்கும் பிள்ளையின் பேச்சுக்குச் செவிகொடுப்பதே அரிது.

படத்தின் முடிவை நான் போற்றவில்லை. சாவு காதலுக்குச் சான்றாகாது. இதை இளைஞர் மனங்கொள்ள வேண்டும். ஆனால் பிள்ளைகளுக்குப் பொறுமையைப் போதிக்கும் நாம், அவர்கள் சொல்வதைக் கேட்டு முடிக்கும் பொறுமையையேனும் பெற்றிருக்க வேண்டும். காதல் தகுமா, தகாதா என்பதைப் பின்னர் பேசலாம். முதலிலே பிள்ளை பேசட்டும்.

மாலையிலே, ஆறும் கடலும் கலக்கும் இடத்தில் நெடுநேரம் நின்றேன். படத்திற் கண்ட இடம் இதுதானா என்று யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை. அந்த மாணவியின் முகமே நினைவில் நின்றது. அவள் இன்று எங்கிருந்தாலும் நலமாயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு பேருந்து ஏறினேன்.