அளக்கிறவரை யார் அளப்பது?

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை பற்றிப் பேசத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கூடைப்பந்து பற்றிப் பேசட்டுமா என்று கேட்டேன். தொலைபேசியில் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "சரி தோழர், உங்க இஷ்டம்" என்றார்கள். அந்த இஷ்டத்தில் இருந்த வருத்தம் எனக்குப் புரிந்தது.

எனக்கு விளையாட வராது. வங்கியில் குமாஸ்தா வேலை. பக்கத்துக் கவுண்டரில் இருக்கிற அண்ணன் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு வந்தவர். சென்னையில் வங்கிகளுக்குக் கூடைப்பந்து அணிகள் உண்டு. முழங்கால் போகிறவரை ஆடினார். இப்போது நோட்டு எண்ணுகிறார். அவரோடு சேர்ந்துதான் விடிகாலையில் அமெரிக்க என்.பி.ஏ. ஆட்டங்களைப் பார்க்கப் பழகினேன். பார்க்கப் பார்க்க, ஆட்டத்தைவிட ஆளைத் தேர்ந்தெடுக்கிற முறைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. 'தகுதி', 'திறமை' என்கிற இரண்டு சொற்களால் நாம் வாங்கிய அடி கொஞ்சமா? அதே சொற்களுக்கு அங்கே கோடிக்கணக்கில் டாலர் கொட்டி, கணிப்பொறி வைத்து அளவெடுக்கிறார்கள். அளந்து என்ன கண்டார்கள் என்று பார்க்கிற ஆசை.

முறை இதுதான். வருஷா வருஷம் ஜூன் மாதத்தில் 'டிராஃப்ட்'. 30 அணிகள், இரண்டு சுற்று, 60 இளைஞர்கள். மோசமாகத் தோற்ற அணிக்கு முதலில் பொறுக்குகிற வாய்ப்பு அதிகம். நலிந்தவனைத் தூக்கிவிடத்தான் இந்த ஏற்பாடு என்பார்கள். ஆனால் 1985-லிருந்து அதற்கொரு குலுக்கலும் வைத்தார்கள். ஏன்? முதல் ஆளைப் பிடிப்பதற்காக வேண்டுமென்றே தோற்கிறவர்கள் இருந்ததால்தான்.

முதலில் கண்ணைப் பற்றிச் சொல்கிறேன். 1950-க்கு முன்னால் அந்த லீகில் ஒரு கறுப்பு ஆட்டக்காரர்கூடக் கிடையாது. திறமை இல்லாமலா? 1950 அக்டோபர் 31 அன்று எர்ல் லாயிட் களத்தில் இறங்கினார். கறுப்பர் ஒருவர் தலைமைப் பயிற்சியாளர் ஆனது 1966-ல், பில் ரஸ்ஸல். ஒரு அணியின் பெரும்பங்குச் சொந்தக்காரராகக் கறுப்பர் ஒருவர் வந்தது 2002-ல், ராபர்ட் ஜான்சன். ஆடுகிறவனாக வர 1950, ஆட்டுவிக்கிறவனாக வர 1966, முதலாளியாக வர 2002. அளவுகோல் கைமாற எவ்வளவு காலம் பிடிக்கிறது பாருங்கள்.

அப்புறம் கணிப்பொறி வந்தது. ஹூஸ்டன் அணியின் பொது மேலாளராக இருந்த டேரில் மோரே, கண்ணை நம்பாதே, எண்ணை நம்பு என்கிற ஆள். அவரைப் பற்றி மைக்கேல் லூயிஸ் 2016-ல் வெளியிட்ட நூலில் ஒரு சம்பவம். 2007 டிராஃப்டில் ஸ்பெயின் நாட்டு மார்க் காசோலை எடுக்கலாம் என்றது மோரேயின் கணக்கு. ஆனால் சட்டை இல்லாமல் காசோல் நிற்கிற படம் ஒன்று அவருடைய ஆட்கள் கையில் கிடைத்தது. தொளதொளவென்ற மார்பு. கேலிப் பெயர் வைத்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு கணக்கைத் தின்றுவிட்டது. காசோலை விட்டுவிட்டார்கள். 48-ஆவது ஆளாக வேறு அணி எடுத்தது. 2013-ல் லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரர் அவர்தான். மோரே அதன்பிறகு அலுவலகத்தில் பட்டப்பெயருக்கே தடை போட்டார். ஒரு பெயரை ஒட்டி ஒரு மனுசனைக் காணாமல் அடிக்கலாம் என்பது அவருக்கு 2007-ல்தான் தெரிந்திருக்கிறது. நமக்கு?

இன்னொரு விதியும் போட்டார். இளைஞன் ஒருவனைப் பழைய ஆட்டக்காரர் யாருடனும் ஒப்பிடலாம், ஆனால் அந்தப் பழையவர் வேறு இனத்தவராக இருக்கவேண்டும். வெள்ளையனை வெள்ளையனோடும் கறுப்பனைக் கறுப்பனோடும் மட்டுமே ஒப்பிட்டுப் பழகியவர்களுக்கு, வேறு நிறத்தில் ஒப்பிடச் சொன்னதும் ஒப்புமையே தோன்றவில்லையாம். இவ்வளவு நாளும் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, தோலைத்தான் பார்த்திருக்கிறார்கள். தைவானியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த ஜெரமி லின்னை 2010-ல் யாரும் எடுக்கவில்லை. மோரேயின் கணக்கு அவரை நல்லபடியாகவே மதிப்பிட்டிருந்தது. ஆனாலும் அவர் அணியும் எடுக்கவில்லை. 2011 டிசம்பரில் சேர்த்துச் சில நாளிலேயே கழற்றிவிட்டது. 2012 பிப்ரவரியில் நியூயார்க் நகரமே லின் பேரைச் சொல்லிக் கத்தியது. அவர் ஆசியர் என்பதைத் தவிர வேறு காரணம் தனக்குத் தெரியவில்லை என்று மோரே பின்னால் ஒத்துக்கொண்டார். எந்த நேர்முகத் தேர்வில் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் நம்மிடம் இப்படி ஒத்துக்கொண்டிருக்கிறார்?

சரி, அணிக்கு வருவோம்.

மோரேயிடம் வேலை பார்த்த சாம் ஹிங்கி 2013 மே மாதம் ஃபிலடெல்ஃபியா அணியின் பொது மேலாளர் ஆனார். அதே மாதம் நைஜீரியாவில் வளர்ந்த மசாய் உஜிரி டொரண்டோ அணிக்குத் தலைமை ஏற்றார். ரெண்டு பேருமே அணியைத் திரும்பக் கட்டவேண்டியவர்கள்.

ஹிங்கி வீட்டை இடித்தார். நல்ல ஆட்டக்காரர்களை விற்று, வருங்காலத் தேர்வு உரிமைகளை வாங்கிச் சேர்த்தார். மூன்று பருவம்: 19 வெற்றி, 18 வெற்றி, 10 வெற்றி. மொத்தம் 246 ஆட்டத்தில் 199 தோல்வி. ஒரு கட்டத்தில் தொடர்ந்து 26. இவையெல்லாம் அட்டவணையில் எண்கள். ஆனால் தோல்வியை எண் சுமக்காது தோழர்களே, உடம்புதான் சுமக்கும். 22 வயதுப் பையன் ராத்திரிக்கு ராத்திரி தோற்றுவிட்டுப் படுக்கிறான். மேலே இருப்பவர் 'எதிர்காலம் பிரகாசமாக இருக்கிறது' என்கிறார். யாருடைய எதிர்காலம்? மைக்கேல் கார்ட்டர் வில்லியம்ஸ் 2014-ல் சிறந்த புதுமுகம் என்று விருது வாங்கினார். 2015 பிப்ரவரியில் இன்னொரு தேர்வு உரிமைக்காக அவரையே கைமாற்றிவிட்டார்கள். அப்போது அவருக்கு 23 வயது. அண்ணன் இதைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை.

நடு இடத்தில் ஆடுகிற நெட்டையர்கள் மூன்று பேரை மூன்று வருஷத்தில் எடுத்தார்கள்: நெர்லன்ஸ் நோயல், ஜோயல் எம்பீட், ஜலீல் ஒக்காஃபோர். இடமோ ஒன்று. ஒக்காஃபோர் 2015-ல் மூன்றாவது ஆள். கூடைக்குப் பக்கத்தில் முதுகு காட்டி நின்று ஆடுகிற பழைய பாணியில் நல்ல கை. ஆட்டம் அப்போது மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே ஓடிக்கொண்டிருந்தது. ரெண்டு வருஷத்தில் ஓரமாக உட்காரவைத்து 2017 டிசம்பரில் அனுப்பிவிட்டார்கள். திறமை என்பது ஒருவன் உடம்புக்குள் மட்டும் இருக்கிற சரக்கு என்று நினைத்தால் இதுதான் நடக்கும். பக்கத்தில் யார், சொல்லிக்கொடுப்பது யார், தப்புப் பண்ண எத்தனை நாள் விடுவார்கள் என்பதும் திறமைதான்.

நியாயமாகவும் பேசவேண்டும். காலில் அடிபட்ட எம்பீடை ரெண்டு பருவம் முழுசாக ஆடவிடாமல் காத்தது இதே ஃபிலடெல்ஃபியாதான். 2023-ல் லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கு. டிராஃப்டில் விலை போகாத ராபர்ட் கோவிங்டனுக்கு ஆட இடம் கொடுத்ததும் அந்தத் தோற்ற அணிதான். ஹிங்கி 2016 ஏப்ரலில் 13 பக்கக் கடிதம் எழுதிவைத்துவிட்டுப் போனார். பின்னால் வந்தவர்கள் 2017-ல் முதல் ஆளாக மார்கெல் ஃபுல்ட்ஸை எடுத்தார்கள். கல்லூரியில் அழகாகப் பந்து எறிந்த பையனுக்கு எறிகிற கையே மறந்துபோனது. அதைப் படம் பிடித்து உலகமே சிரித்தது. மனசு சரியில்லை என்றார்கள், பயம் என்றார்கள். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே நரம்பு அழுந்துகிற நோய் என்று 2018 டிசம்பரில்தான் தெரிந்தது.

டொரண்டோ இடிக்கவில்லை. இருப்பதை வைத்து ஜெயித்துக்கொண்டே பக்கத்தில் ஒரு நாற்றங்கால் போட்டது. ராப்டர்ஸ் 905 என்று வளர்ப்பு அணி. கேமரூனில் பாதிரியார் படிப்புக்கு அனுப்பப்பட்ட பாஸ்கல் சியாக்கம், 2016-ல் 27-ஆவது ஆள். ஃப்ரெட் வான்வ்லீட் அதே வருஷம் 60 பேரிலும் இல்லை. ரெண்டு பேரையும் அந்த நாற்றங்காலில் ஆடவிட்டார்கள். 2017-ல் அந்த லீகின் கோப்பை 905-க்கு.

எம்பீடும் கேமரூன்காரர். ரெண்டு பேரும் 1994-ல் பிறந்தவர்கள், அதே நாட்டு லூக் பா எ மூட்டே நடத்திய முகாம் வழியாக வந்தவர்கள். ஒருவர் மூன்றாவது, இன்னொருவர் 27-ஆவது. 2019 மே 12 அன்று கிழக்குப் பிரிவின் இரண்டாம் சுற்று ஏழாவது ஆட்டத்தில் எதிரெதிரே நின்றார்கள். ஃபிலடெல்ஃபியா பக்கம் முதல் ஆள் பென் சிம்மன்ஸ், மூன்றாவது ஆள் எம்பீட். டொரண்டோ பக்கம் முதல் 14 பேருக்குள் எடுக்கப்பட்டவர் ஒருத்தர்கூட இல்லை. கவாய் லெனர்ட் 15, கைல் லவ்ரி 24, சியாக்கம் 27, டேனி கிரீன் 46. அப்புறம் அந்தப் படத்தை வைத்துச் சிரிக்கப்பட்ட 48-ஆவது ஆள், மார்க் காசோல். பெஞ்சில் யார்? ஜெரமி லின்!

டொரண்டோவை ரொம்பவும் புகழவும் மாட்டேன். லெனர்ட் வளர்த்த பிள்ளை இல்லை, 2018-ல் வாங்கிவந்த ஆள். அவருக்காக, ஒன்பது வருஷம் உழைத்த டிமார் டிரோசனை அனுப்பினார்கள். 2019 ஜூலையில் லெனர்டும் போய்விட்டார். 2021-ல் 27-45 என்று தோற்று, நான்காவது ஆளாக ஸ்காட்டி பார்ன்ஸை எடுத்ததும் இதே டொரண்டோதான்.

நமக்கு அது மே 13 விடிகாலை. ஆட்டம் 90-90. கடைசி விநாடியில் வலது மூலையிலிருந்து எம்பீடின் நீட்டிய கைக்கு மேலே லெனர்ட் எறிந்தார். மணி அடித்த பிறகு பந்து வளையத்தில் நான்கு தடவை குதித்தது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். "விழுந்துச்சா தம்பி?" என்றார். "விழுந்திருச்சுண்ணே." எம்பீட் அழுதுகொண்டே வெளியே போனார். காசோல் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அடுத்த மாதம் டொரண்டோ கோப்பையை வாங்கியது. கடைசி ஆட்டத்தில் வான்வ்லீட் 22 புள்ளி.

அன்றைக்குப் பத்து மணிக்குக் கவுண்டரில் கூட்டம். இடையில் அண்ணன் ஒரு செலானின் பின்பக்கத்தில் வட்டமும் கோடுமாகப் போட்டு என் பக்கம் தள்ளினார். லெனர்ட் நின்ற இடத்தைக் காட்டத்தான் என்று நினைத்தேன். "இல்ல தம்பி, அந்த நேரத்துல எம்பீடு கால் எங்க இருந்துச்சுன்னு பாரு. சரியாத்தான் இருந்துச்சு" என்றார். அந்தச் செலான் இன்னும் என் மேசை டிராயரில் இருக்கிறது.