நாற்காலி யாருக்கு?

போன வாரம் ஊருக்கு, திருவேங்கடத்துக்குப் போயிருந்தேன். டீக்கடையில ஒரு அண்ணாச்சி கேட்டார்: "ஏய் தம்பி, ஸ்ரீதர் வேம்பு மத்தளம்பாறையில உக்காந்துட்டா, ஜோஹோவ யாரு பாத்துக்கிறது?"

நல்ல கேள்வி. நாம அவர் வேட்டி, சைக்கிள் போட்டோவைத்தானே ஷேர் பண்றோம்!

1996ல அட்வென்ட்நெட்னு ஆரம்பிச்சப்பவே அவர் தனி ஆள் இல்லை. 2025 ஜனவரி 27 அன்னைக்கு சிஇஓ பதவியிலிருந்து விலகி, ஆராய்ச்சியைப் பார்க்க தலைமை விஞ்ஞானி ஆனார். குரூப் சிஇஓ ஆனது இணை நிறுவனர் ஷைலேஷ் குமார் டேவே. ஜோஹோ.காம் மணி வேம்பு கையில, மேனேஜ்எஞ்சின் ராஜேஷ் கணேசன் கையில, அமெரிக்கா டோனி தாமஸ் கையில. எல்லாரும் பல வருஷமா உள்ளேயே வேலை பார்த்தவங்க. ஒருத்தர் விட்ட இடத்தைப் பார்த்துக்க நாலு பேர்!

எனக்குப் பிடிச்சது இதுதான்: வழக்கமா கனவு காண்றவர் நாற்காலியில இருப்பார், வேலையை ஓட்டுறவர் பக்கத்துல நிப்பார். இங்கே நாற்காலியையே கொடுத்துட்டார்.

இது ஏன் இப்போ உறுத்துதுன்னா, காலேஜ் ஃப்ரெண்ட் ஒருத்தன் ஸ்டார்ட்அப் ஆரம்பிக்கிறான். "ஐடியா என்னோடது, ஆபரேஷன்ஸ் நீ பாத்துக்கோ மச்சி"ன்னான். சம்பளம், ஷேர் எல்லாம் பேசிட்டோம். "நான் வேண்டாம்னு சொன்னா ஒரு ஃபீச்சர் நிக்குமா?"னு கேட்டேன். சிரிச்சான். இன்னும் பதில் வரலை. நானும் ரிசைன் லெட்டரை டிராஃப்ட்லயே வச்சிருக்கேன்.