ராக்கெட்டும் பாஸ்போர்ட்டும்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெளிநாடு போய் விண்வெளித் துறையில் வேலை பார்ப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். நம் தஞ்சாவூர்ப் பக்கம் ஆறு மா நிலத்தை அடகு வைத்தாவது பிள்ளையை அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க வைக்கலாம் என்று நினைக்கிற அப்பாக்கள் இருக்கிறார்கள். படித்து முடித்தால் நேரே நாசாதான் என்று ஒரு நம்பிக்கை. அதனால் கொஞ்சம் வெளிப்படையாகவே பேசிவிடுகிறேன்.

இந்தத் துறையில் மார்க்கை மட்டும் பார்க்க மாட்டாங்க, பாஸ்போர்ட்டையும் பார்ப்பாங்க. ராக்கெட்டும் ஏவுகணையும் அண்ணன் தம்பி மாதிரி. அதனால் அமெரிக்கச் சட்டம் ராக்கெட்டையும் பல செயற்கைக்கோள் நுட்பங்களையும் ஆயுதங்களோடு சேர்த்தே கட்டுப்படுத்துகிறது. அந்த வேலைகள் பெரும்பாலும் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும்தான். நாசாவில் நேரடி அரசுப் பணி என்றால் பொதுவாகக் குடியுரிமையே வேண்டும். இந்தியாவில் பிறந்தவர்களுக்கோ, வேலை வழியாகக் கிரீன் கார்டு கிடைக்கப் பல வருட வரிசை. எனக்கே ஒரு கம்பெனி நேர்முகத் தேர்வெல்லாம் முடித்துவிட்டு, பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் கையை விரித்துவிட்டது.

அப்படியென்றால் கதவு சாத்தியா கிடக்கிறது? இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து அமெரிக்கா போன பாப் பலராம், ஜெட் புரொபல்ஷன் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். செவ்வாயில் ஹெலிகாப்டர் விடலாம் என்று 1990-களில் அவர் சொன்ன யோசனை, பணமில்லாமல் கிடப்பில் கிடந்தது. 2021 ஏப்ரல் 19-இல் 1.8 கிலோ எடையுள்ள இன்ஜெனுயிட்டி அங்கே பறந்தது. ஐந்து முறை பறந்தால் போதும் என்று அனுப்பியது, 72 முறை பறந்தது! தகுதியோடு பொறுமையும் இருந்தால் நடக்கும்.

இன்னொரு வழியும் உண்டு. செயற்கைக்கோளைக் கட்டுவது ஒரு வேலை. அது அனுப்பும் படத்தைப் படிப்பது இன்னொரு வேலை. இரண்டாவதில் கெடுபிடி குறைவு. நான் ஜெர்மனியில் பிடித்துக்கொண்டது அதைத்தான். அங்கே பல அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. சிலவற்றில் உண்டு, விசாரித்துக்கொள்ளுங்கள்.

என் வேலை ராடார் படம். ஐப்பசி, கார்த்திகையில் நம்ம ஊர் வானம் எப்படி இருக்கும்? சாதாரணக் கேமராவுக்கு மேகம்தான் தெரியும். ராடார் அலை மேகத்தைத் தாண்டி வரும். நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயல் கறுப்பாகத் தெரியும். பயிர் தூர் கட்டி வளர வளர வெளுக்கும். 2014-இல் ஐரோப்பா ஏவிய சென்டினல்-1 படங்களை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். 2016-17-இல் டெல்டாவில் சம்பா பொய்த்தபோது, கோவை வேளாண் பல்கலைக்கழகத்தார் இப்படிப்பட்ட ராடார் படங்களை வைத்துப் பயிர் இல்லாத கிராமங்களைக் கண்டார்கள். இன்சூரன்ஸ் இழப்பீட்டுக்கு அது கைகொடுத்தது. எங்கேயோ செய்த கருவி, நம் கடைமடைக்காரருக்குச் சாட்சி சொன்னது.

இங்கேயும் வாய்ப்பு வளர்ந்திருக்கிறது. 2025 ஜூலை 30-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நைசாரில் இரண்டு ராடார்கள்: ஒன்று நாசா செய்தது, மற்றொன்று இஸ்ரோ செய்தது. ராடார் கற்கக் கடல் தாண்டியே தீரவேண்டும் என்பதில்லை.

ஆகவே மாணவச் செல்வங்களே, பத்திரத்தை எடுத்துக்கொண்டு பேங்க்குக்குப் போகும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்தப் படிப்புக்கான வேலையை நம் பாஸ்போர்ட்டுக்குத் தருவார்களா? நாசா கிடைக்காவிட்டாலும் இந்தக் கடனை அடைக்க முடியுமா? இரண்டுக்கும் "ஆமாம்" என்றால் தைரியமாகப் புறப்படுங்கள். சங்கத்தில் என் முகவரி இருக்கிறது. விண்ணப்பம் போடும் முன் எழுதுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.