கருவிலுள்ள சிசுவின் மூளையும் ஸ்கேன் பரிசோதனையும்

(ஊராட்சி உறுப்பினர்கள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



வயலுக்குப் பாயும் நீரைப் பற்றிப் பலமுறை உங்களிடம் பேசியிருக்கிறேன். இன்று, கருவிலுள்ள சிசுவின் மூளைக்குள் இருக்கும் நீரைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

நம் ஒவ்வொருவர் மூளையினுள்ளும் நீர் நிறைந்த அறைகள் உண்டு. கர்ப்பத்தின் 18 முதல் 20 வாரங்களுக்குள் எடுக்கும் ஸ்கேனில், மருத்துவர் அவ்வறையின் அகலத்தை அளக்கிறார். அது 10 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருத்தல் இயல்பு.

சில ஆண்டுகளுக்கு முன் நம் வட்டாரத்துக் கர்ப்பிணி ஒருவருக்கு 11 மில்லிமீட்டர் என அறிக்கை வந்தது. "மூளையில் நீர் கோத்த பிள்ளை" என்று ஊரார் தீர்ப்புக் கூறிவிட்டனர். கிரகணத்தன்று வெளியே வந்ததுதான் காரணம் என்று மாமியார் பழித்தார். கிராமச் சுகாதாரச் செவிலியரோ அத்தம்பதியரைப் பெரிய மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். அங்கே மீண்டும் அளந்தனர். வேறு குறையோ கிருமித் தொற்றோ உண்டா என ஆராய்ந்தனர். ஒன்றும் இல்லை. அக்குழந்தை இன்று அங்கன்வாடியில் பாட்டுப் பாடுகிறது.

இது அதிர்ஷ்டம் அன்று. வேறு குறையின்றி 10 முதல் 12 மில்லிமீட்டர் வரை மட்டும் விரிந்திருந்தால், 100 குழந்தைகளில் 90க்கு மேற்பட்டவை இயல்பாகவே வளர்கின்றன.

ஆயினும் எல்லா அறிக்கைகளும் இவ்வாறு முடிவதில்லை. அகலம் 15 மில்லிமீட்டரைத் தாண்டினாலும், வேறு குறைகள் சேர்ந்திருந்தாலும், வளர்ச்சி குன்றும் அபாயம் மிகுதி. அப்போது எம்.ஆர்.ஐ. படமும் எடுத்துப் பார்ப்பதுண்டு. சில குழந்தைகளுக்குப் பிறந்தபின், அந்நீரை வயிற்றுக்குள் வடியவிடும் மெல்லிய குழாயை அறுவை செய்து பொருத்த நேரிடும். அதற்கு வசதியுள்ள மருத்துவமனையை முன்கூட்டியே தேர்ந்துகொள்ள வேண்டும்.

ஆகவே காலம் முக்கியம். 2021இல் திருத்தப்பெற்ற சட்டப்படி, சிசுவின் குறை காரணமாக 24 வாரங்களுக்குப் பின் கர்ப்பத்தை நிறுத்த வேண்டுமாயின், அக்குறை கடுமையானதென மருத்துவக் குழு கண்டறிய வேண்டும். தாமதித்து வருவோருக்குச் சிந்திக்கவும் அவகாசம் குறைவு.

உறுப்பினர்களே! உங்கள் ஊரில் எந்தக் கர்ப்பிணியும் ஐந்தாம் மாத ஸ்கேனைத் தவறவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். வண்டி வசதி இல்லையெனில் ஏற்பாடு செய்யுங்கள். ஆணா பெண்ணா எனக் கேட்காதீர்கள். அது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அறிக்கையின் பொருளை மருத்துவர் சொல்லட்டும். முடிவைத் தாய் எடுக்கட்டும். குறையோடு பிறக்கும் குழந்தையும் நம் ஊர்க் குழந்தையே. அதன் தாயைப் பழிக்கும் சொல் நம் ஊரில் எழாதிருக்கட்டும்.