ஒட்டாத டிஎன்ஏ, எரர் மெசேஜ் இல்லாத பிசிஆர்

போன வாரம் ராத்திரி பதினொரு மணிக்கு என் காலேஜ் ஃபிரண்ட் போன் பண்ணா. பிஎச்டி பண்றவ. "மூணு வாரமா ஒட்ட மாட்டேங்குதுடா, அடுத்த மாசம் கமிட்டி மீட்டிங்"னா. அழாத குறை.

மேட்டர் இதுதான். 500 எழுத்து நீளத்துல ஒரு டிஎன்ஏ துண்டு, 3000 எழுத்துல இன்னொண்ணு. ரெண்டையும் பிசிஆர்லயே ஒட்டி 3500 ஆக்கணும். ஓவர்லேப் எக்ஸ்டென்ஷன்னு பேரு. முதல் துண்டோட வாலும் ரெண்டாவதோட தலையும் ஒரே எழுத்துகளா இருக்கும்படி உள் பிரைமர்களை டிசைன் பண்ணுவாங்க. சூடாக்கினா இழை பிரியும். ஆறினா அந்தப் பொதுப் பகுதி ஒண்ணையொண்ணு கட்டிக்கும். பாலிமரேஸ் மிச்சத்தை எழுதி முடிக்கும். அப்புறம் ரெண்டு ஓரத்துப் பிரைமர் போட்டு முழுசாப் பெருக்கணும்.

ஜெல்லுல 3500 வரவே இல்ல. 500 மட்டும் பளிச்சுனு இருக்கு, போட்ட அளவைவிட எக்கச்சக்கமா.

நம்ம கோடு உடைஞ்சா ஒரு எரர் மெசேஜாவது வரும். பிசிஆர் வாயே திறக்காது. ஆனா அந்த 500 பேண்ட் ஒரு லாக் ஃபைல் மாதிரி. ஓரத்துப் பிரைமர் மட்டும் இருந்தா 500 துண்டுக்கு ஒரு பக்கம்தான் பிரைமர் கிடைக்கும், இவ்வளவு பெருகாது. அப்போ முதல் ரவுண்டுல போட்ட உள் பிரைமர் உள்ளயே மிச்சம் இருக்கு! செக் பண்ண, 500 துண்டை மட்டும் தனியா ஓரத்துப் பிரைமரோட ஓட்டச் சொன்னேன். அதுலயும் பளிச். துண்டுகளை ஜெல்லுல வெட்டிச் சுத்தம் பண்ணாமலேயே ஊத்தியிருக்கா.

புரோகிராமைக் கேட்டேன். சின்னத் துண்டுக்கு சேவ் பண்ணினதையே காப்பி பேஸ்ட். எக்ஸ்டென்ஷன் 15 செகண்ட். அவ யூஸ் பண்ற பியூஷன் நொதிக்கு ஆயிரம் எழுத்துக்கு 15-லேர்ந்து 30 செகண்ட் வேணும். 3500-க்கு ஒண்ணே முக்கால் நிமிஷம் கொடுத்தா சேஃப்.

அளவு? ரெண்டும் 100 நானோகிராம். எடை சமம்தான், ஆனா எண்ணிக்கையில சின்னது ஆறு மடங்கு. பெருசு 120 போட்டா சின்னது 20 போதும்.

இதுல எனக்கு உறைச்சது வேற. முதல் வாரமே டைமை ஏத்திப் பாத்திருக்கா. பலன் இல்லைன்னு பழையபடி குறைச்சுட்டா. மிச்சப் பிரைமர் 500-ஐ மட்டுமே பெருக்கிட்டு இருக்கும்போது டைமை ஏத்தி என்ன ஆகும்? 'ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்து'ன்னு நாம எல்லாருக்கும் சொல்றோமே, அது ஒரே பக் இருந்தாத்தான். மூணு இருந்தா சரியான ஃபிக்ஸையும் தப்புன்னு தூக்கிப் போட்டுடுவோம். அதனால இந்தத் தடவை மூணையும் சேர்த்தே மாத்தினா. ஓரத்துப் பிரைமர் இல்லாம முதல்ல எட்டு சைக்கிள், அப்புறம் பிரைமர் சேர்த்து மீதி.

நேத்து வாட்ஸ்அப்ல ஜெல் போட்டோ வந்துச்சு. 3500-ல மெல்லிசா ஒரு கோடு. சீக்வென்சிங்குக்கு அனுப்பிட்டாளாம். ரிசல்ட் வந்ததும் சொல்றேன்.