கடையின் பின்னறையில் நிகழ்ந்த கல்வித்தானம்

ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் எனச் சமணம் வகுத்த நான்கு தானங்களுள் இறுதியானதை, அதன் பெயரும் அறியாமலே, கடல்கடந்த தீவினர் சிலர் கூடிச் செய்தனர்.

அமெரிக்கத் தென் கரோலினாவின் ஜான்ஸ் தீவில், கறுப்பின முதியோர் பலர் அன்று எழுத்தறியாதவராயிருந்தனர். போதிய சொத்தில்லாதவர் மாநில அரசமைப்பை வாசித்துக் காட்டினாலன்றி வாக்காளராகப் பதிய இயலாதிருந்தது. கல்வியை மறுத்தவர்களே கல்வியைத் தகுதியாக்கினர். இதனினும் கொடிய சூழ்ச்சி உண்டோ!

பேருந்து ஓட்டிய ஈசா ஜென்கின்ஸ் பயணிகளுக்கு வழியிலேயே அரசமைப்பைக் கற்பித்தார். பின்னர்த் தீவினர் ஒன்றுகூடி, ஹைலாண்டர் பள்ளி தந்த கடனால் பழைய கட்டடமொன்றை வாங்கினர். வெள்ளையர் ஐயுறாதிருக்க முன்புறம் மளிகைக்கடை. பின்னறையில் 1957 சனவரியில் வகுப்பு.

கற்பித்த பெர்னிஸ் ராபின்சன் தையலும் சிகையலங்காரமும் தொழிலாகக் கொண்டவர். ஆசிரியப் பயிற்சி இல்லாதவர். அவரை விரும்பித் தேர்ந்தவரோ, உரிமைச் சங்கத்தைவிட்டு விலக மறுத்து 1956இல் ஆசிரியப் பணியை இழந்த செப்டிமா கிளார்க். சிறுவர் பாடங்கள் முதியோர்க்குப் பொருந்தா எனக் கண்ட ராபின்சன் அவற்றை ஒதுக்கினார். தம் பெயரெழுதுவதும் படிவம் நிரப்புவதுமே பாடமாயின.

எழுத்தறிவுத் தேர்வை நிறுத்திய வாக்குரிமைச் சட்டம் 1965இல்தான் வந்தது. அதற்கு முன்பே அம்முதியோர் பலர் பதிவேட்டில் கையொப்பமிட்டிருந்தனர்.