பதினான்கு நாள் வட்டி

ஓசூர் பக்கம் ஹாலோ பிளாக் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு இன்று ஒரு தகவல்.

ஐ.எஸ். 2185 என்ற இந்தியத் தரவிதிப்படி, வார்த்த கல்லைக் குறைந்தது 14 நாள் ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். அப்போதுதான் சிமெண்ட் பலம் பிடிக்கும்.

அதே தரவிதியில் ஒரு சோதனையும் உண்டு. மூன்று கல்லை 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து எடை போடுவார்கள். பிறகு முழுக்க உலர்த்தி மறுபடி எடை போடுவார்கள். கல் குடித்த தண்ணீர், சராசரியாக அதன் உலர்ந்த எடையில் நூற்றுக்குப் பத்தைத் தாண்டக் கூடாது.

"பெங்களூர் பார்ட்டி அவசரப்படுத்துறாரே! 14 நாள் கல்லைச் சும்மா போட்டு வைத்தால் வட்டி யார் கட்டுவது?" என்றார் ஒரு பட்டறைக்காரர்.

மேஸ்திரி சிரித்தார்: "சுவர் விரிசல் விட்டால் அசலே போயிடுமே, முதலாளி!"